மழை ஊரில் நீர் காத்தவர்கள்: பீடோர் வட்டாரத் தோட்டங்களின் வரலாறு

பீடோர், பேராக் மாநிலத்தின் பத்தாங் பாடாங் மாவட்டத்தில் உள்ள ஊர். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். மேற்கே தெலுக் இந்தானை நோக்கிச் சரிந்து இறங்கும் தாழ்நிலம். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் பழைய சாலை தாப்பாவைத் தாண்டி இந்த ஊர் வழியாகச் செல்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இவ்வட்டாரத்தின் வாழ்வை ஈயமும், ரப்பர் தரும் பால்மரமும் தாங்கின. இன்று எண்ணெய் தரும் செம்பனையும் கொய்யாவும் காய்கறியும் அந்த இடத்தில் இருக்கின்றன.

இங்கே மழைக்குக் குறைவில்லை. தமிழ்நாட்டின் சராசரி ஆண்டு மழை 1000 மில்லிமீட்டருக்கும் குறைவு. மலையடிவாரத் தென் பேராக்கில் அது 2500 மில்லிமீட்டரைத் தாண்டும். ஆனாலும் பயிர் வாடுகிற நாட்கள் இங்கேயும் உண்டு. மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை கூடுகிறது. ஜனவரி, பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும் குறைகிறது. வெப்பமண்டல வெயிலில் மரம் நிறைந்த நிலம் நாளொன்றுக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் வரை நீரை இழக்கிறது. மூன்று வாரம் மழை பொய்த்தால் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் நீரை மண்ணே தன் சேமிப்பிலிருந்து கொடுக்க வேண்டும். மண்ணில் சேமிப்பு இல்லாவிட்டால், மழை ஊரிலும் மரம் தாகத்தில் நிற்கும்.

அதனால் இவ்வட்டாரத்தில் நீர் சேமிப்பு என்பது பெய்த மழையை ஓடவிடாமல் மண்ணுக்குள் இறக்கும் வேலையாகவே இருந்துவந்திருக்கிறது. அந்த அறிவு தோட்டங்களுக்கு ஒரே நாளில் வரவில்லை. பெரும் மண் இழப்புக்குப் பிறகே வந்தது. அதை நிலத்தில் நிறைவேற்றிக் காட்டியவர்கள் மண்வெட்டி பிடித்த தமிழ்த் தொழிலாளர்கள்.

வறண்ட நிலத்திலிருந்து வந்தவர்கள்

1877இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகளில் சில பேராக்கின் கோலகங்சாரில், பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோவின் மாளிகைத் தோட்டத்தில் நடப்பட்டன. அப்போது அவை வெறும் சோதனைக் கன்றுகள். மோட்டார் வண்டியின் டயர் ரப்பருக்கு விலை தேடித் தந்த பிறகு, 1905ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேற்குக் கரை முழுவதும் காடு அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. தொழிலாளர்களைக் கொண்டுவரும் செலவுக்காக 1907இல் தமிழர் குடியேற்ற நிதி தொடங்கப்பட்டது. 1910இல் இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரும் முறை முடிவுக்கு வந்தது. அதன்பின் பெரும்பாலும் கங்காணிகள் எனப்பட்ட மேற்பார்வையாளர்களே தம் சொந்த ஊர்ப் பக்கங்களிலிருந்து ஆள் திரட்டி வந்தார்கள்.

திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு, செங்கல்பட்டு போன்ற மாவட்டங்களிலிருந்து பெரும்பாலோர் வந்தார்கள். ஏரியும் கண்மாயும் இருந்தால்தான் விளைச்சல் என்ற நிலம் அவர்களுடையது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின் நினைவு அந்தக் குடும்பங்களில் ஆறாமல் இருந்தது. வரப்பு உயர்த்துவது, மடை திறப்பது, முறை வைத்து நீர் விடுவது, கோடையில் குளத்து வண்டலை அள்ளி வயலில் போடுவது எல்லாம் அவர்களுக்குப் பழகிய வேலைகள். ஊர் கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்தும், பாசன நீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியும் அவர்கள் கண்டு வளர்ந்தவை. மலாயாத் தோட்டங்களில் அந்த அறிவை யாரும் கேட்கவில்லை. தோட்ட மேலாளரான துரை சொன்னதைக் கணக்கரான கிராணி எழுதினார், கங்காணி ஏவினார், ஆட்கள் செய்தார்கள்.

வெறுந்தரைக் காலம்

தோட்டங்களின் முதல் கால் நூற்றாண்டில் துரைமார்களின் பெருமை வெறுந்தரையில் இருந்தது. பால்மரங்களுக்கு இடையே ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்பது விதி. புல்லும் செடியும் மரத்தின் உரத்தையும் நீரையும் தின்றுவிடும் என்று நம்பினார்கள். லாலான் புல்லைப் பொறுத்தவரை அந்த அச்சம் நியாயமானது. அதன் வேர்த்தண்டுகள் மண்ணுக்கடியில் பின்னிப் படர்ந்து இளமரத்தை நலியச் செய்யும், காய்ந்தால் தீப்பிடிக்கும். ஆனால் தீங்கில்லாத செடிகளும் லாலானோடு சேர்த்தே வழித்தெடுக்கப்பட்டன.

வெளிக்காட்டு வேலை என்று தோட்ட மக்கள் அழைத்த இந்தப் பணியில் பெண்கள் பெருந்தொகையாக இருந்தார்கள். வரிசை கட்டி நின்று, நிரை நிரையாகக் குனிந்தபடி களை கொத்திச் சென்றார்கள். ஒரு சுற்று முடியும்போது தொடங்கிய இடத்தில் புல் மறுபடி முளைத்திருக்கும். வேலைக்கு ஓய்வே இல்லை. 1920களின் இறுதியில் முக்கிய வட்டாரங்களில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தக் கூலிக்கு அவர்கள் செய்த உழைப்பு, அவர்கள் அறியாமலே மலையின் மேல்மண்ணைக் கழற்றிவிட்டது.

பீடோர் பக்கத்து மலையடிவார மண்ணில் கருங்கல் சிதைந்து உண்டான மணலும் களியும் கலந்திருக்கும். காட்டுக்குள் இந்த மண்ணின் மேல் இலைச்சருகு மெத்தையாகக் கிடக்கும். மழைத்துளி முதலில் இலையில் மோதும், பிறகு சருகில் விழும், அதன் பிறகே மண்ணைத் தொடும். மெத்தையும் செடியும் போன பின் துளி நேராக மண்ணை அடித்தது. உடைந்த பொடிமண் துளைகளை அடைத்துக்கொண்டது. மேல்தரை இறுகிப் பொருக்குத் தட்டியது. உள்ளே இறங்க வழியில்லாத நீர் சரிவில் ஓடியது. ஓடும்போது மண்ணையும் உரத்தையும் இழுத்துச் சென்றது. ஒரு ஹெக்டேரில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது 5 லட்சம் லிட்டர் நீர். அதில் பாதி ஓடிப்போனாலும் மரத்துக்கு இரண்டரை லட்சம் லிட்டர் இழப்பு. ஒரே நிலத்தில் அக்டோபரில் வெள்ளமும் பிப்ரவரியில் வாட்டமும் வந்தது இதனால்தான்.

தோட்டத்து மண்ணோடு ஈயச் சுரங்கங்களின் கழிவுமண்ணும் ஆறுகளில் சேர்ந்தது. ஆற்றுப்படுகைகள் மேடிட்டன. தெற்கே, சிலாங்கூர் எல்லைக்குள் இருந்த பழைய கோலகுபு நகரம் வண்டலாலும் வெள்ளத்தாலும் வாழத் தகுதியற்றதாகி, மேட்டில் வேறிடத்தில் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. 1926 டிசம்பரில் தீபகற்பத்தின் பெரும்பகுதியைத் தாக்கிய பெருவெள்ளம், மண்ணைக் காக்காவிட்டால் நாட்டுக்கே ஆபத்து என்பதை எல்லோருக்கும் உணர்த்தியது.

குழியும் படிக்கட்டும்

மண் இழப்பைத் தடுக்கத் தோட்டங்கள் முதலில் கையாண்டது வண்டல் குழி. இரண்டு நிரைகளுக்கு நடுவில், சரிவுக்குக் குறுக்காக நீளவாட்டத்தில் குழி வெட்டப்படும். அடுத்த வரிசைக் குழிகள் மேல் வரிசையின் இடைவெளிக்கு நேராக அமையும். மேலே ஒரு குழிக்குத் தப்பி வரும் நீரைக் கீழே இருக்கும் குழி பிடித்துக்கொள்ளும். வெட்டிய மண்ணைக் குழியின் கீழ்விளிம்பில் கரையாகப் போடுவார்கள். 3 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் 1 மீட்டர் ஆழமும் உள்ள குழி நிரம்பினால் 3000 லிட்டர் கொள்ளும். அந்த நீர் பக்கச் சுவர்கள் வழியாக மெல்லக் கசிந்து வேர்களை அடையும். நீரோடு வந்த வண்டல் அடியில் தங்கும். அதை ஆண்டுக்கொரு முறை அள்ளி மரத்தடியில் போட்டால் இழந்த மேல்மண் திரும்பக் கிடைக்கும். குளத்து வண்டலை வயலில் கொட்டும் பழக்கமுள்ள கைகளுக்கு இந்த வேலையின் பொருள் தெளிவாகவே தெரிந்திருக்கும்.

செங்குத்தான இடங்களில் குழி மட்டும் போதவில்லை. மலைச்சரிவில் ஒரே உயரத்தைப் பின்பற்றிப் படிக்கட்டுகள் வெட்டப்பட்டன. இவற்றில் ஒரு நுட்பம் முக்கியமானது. படியின் தளம் வெளிப்பக்கம் சரியக் கூடாது. மலைப்பக்கமாக உள்நோக்கிச் சாய வேண்டும். அப்போதுதான் நீர் விளிம்பைத் தாண்டி வழியாமல் உட்புறம் தேங்கி ஊறும். நீண்ட படியில் அந்த நீரே கால்வாய்போல ஓடிவிடலாம் என்பதால், இடையிடையே கொஞ்சம் மண்ணை வெட்டாமல் தடுப்பாக விட்டுவைத்தார்கள். இயந்திரங்கள் வருவதற்கு முன் இந்தப் படிகள் அத்தனையும் மண்வெட்டியால் வெட்டப்பட்டவை. கையால் வெட்டிய அந்தப் படிகள் பல பத்தாண்டுகள் மண்ணைத் தாங்கின. அவற்றை வெட்டியவர்களின் பெயர்களோ ஆய்வறிக்கைகளிலும் தோட்டக் கையேடுகளிலும் இடம்பெறவில்லை.

களைக்கு மன்னிப்பு

மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் நிறுவப்பட்டது. மண் காப்பு அதன் தொடக்ககால ஆய்வுகளில் முக்கிய இடம் பெற்றது. வெறுந்தரையில் நிற்கும் மரங்களையும் செடி மூடிய தரையில் நிற்கும் மரங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தரை மூடியிருந்த இடங்களில் மண் குளிர்ந்தும் பொலபொலப்பாகவும் இருந்தது. மழைநீர் உள்ளே இறங்கியது. கழகத்தின் மண்ணியலாளர் ஹெயின்ஸ் 1934இல் வெளியிட்ட கையேடு, தோட்டத்தில் தானே முளைக்கும் செடிகளை எப்படி வளரவிட்டுக் கட்டுக்குள் வைப்பது என்பதைப் பேசியது. எல்லாக் களையையும் அழிக்க வேண்டியதில்லை. எது நல்லது, எது கெட்டது என்று பிரித்தறிந்து, கெட்டதை மட்டும் நீக்கினால் போதும் என்பது அதன் சாரம்.

அறிவியல் சொன்னதைப் பொருளாதார வீழ்ச்சி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் வேலை இழந்து தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். களை கொத்தப் பணமும் ஆளும் இல்லாததால் பல தோட்டங்களில் செடி மண்டியது. ஆனால் துரைமார்கள் அஞ்சியதுபோல மரங்கள் சாகவில்லை. தொழிலாளர் குடும்பங்களுக்குப் பெருந்துயராக முடிந்த அந்த ஆண்டுகளில்தான் வெறுந்தரைக் கொள்கை செல்வாக்கிழந்தது.

அதன்பின் மூடுபயிர் தோட்ட வேளாண்மையின் அடிப்படையாயிற்று. புவேரேரியா, கலோபோகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய மூன்று அவரையினக் கொடிகளின் விதைகளைக் கலந்து இளந்தோட்டத்தில் விதைப்பது வழக்கமாயிற்று. கலோபோகோனியம் விரைந்து முளைத்து முதலில் தரையை மூடும். புவேரேரியா அடர்ந்து படரும். சென்ட்ரோசீமா நிழலை ஓரளவு தாங்கி, மரங்கள் வளர்ந்த பின்னும் நீடிக்கும். மூன்றும் வேர்முடிச்சுகளால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். உதிரும் இலை சருகு மெத்தையாகிக் காட்டின் தரையை ஓரளவு மீட்டுத் தரும். கொடி மரத்தில் ஏறாதபடி அடிமரத்தைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் துப்புரவாக வைக்கப்படும். 1952க்குப் பிறகு மறுநடவு நிதியின் உதவியால் பழைய மரங்களை வெட்டி ஒட்டுக்கன்றுகள் வைத்தபோது, மூடுபயிரும் படிக்கட்டும் மறுநடவோடு சேர்ந்த வேலைகளாயின.

பால்வெட்டும் நீரும்

மண்ணின் ஈரம் தொழிலாளியின் கூலியோடு நேரடியாகப் பிணைந்திருந்தது. பால்மரத்துப் பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்; மீதியில் பெரும்பகுதி நீர். பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் நீர் அழுத்தம் மிகுந்திருக்கும்போதுதான் வெட்டிய இடத்தில் பால் நன்றாக ஓடும். இரவெல்லாம் வேர் உறிஞ்சிய நீர் மரத்தில் நிறைந்திருக்கும் விடியற்காலையில் அந்த அழுத்தம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கியதும் அழுத்தம் குறைந்து, பால் விரைவில் நின்றுவிடும். பால்வெட்டுத் தொழிலாளர்கள் இருட்டிலேயே எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனதன் காரணம் இதுதான்.

ஆண்டுத் தொடக்கத்தில் மழை குறையும்போது பால்மரம் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விடும். அது நீர்ச் செலவைக் குறைக்க மரம் தானே செய்துகொள்ளும் ஏற்பாடு. அந்த வாரங்களில் பால் குறையும். தளிர் முற்றும் வரை வெட்டை நிறுத்தியோ குறைத்தோ வைப்பது மரத்துக்கு நல்லது. பாலின் எடைக்கேற்பக் கூலி பெற்ற காலங்களில் அந்த வாரங்கள் குடும்பத்துக்கு வறட்சி மாதங்களாகவே இருந்தன. மண்ணில் ஈரம் காக்கப்பட்ட தோட்டத்தில் மரம் விரைவாகத் தேறியது. அடுப்பும் விரைவில் பழைய நிலைக்குத் திரும்பியது.

நெல்வயல்களின் பாடம்

தோட்டத்துக்கு வெளியே, பேராக்கின் நெல்வயல்களில் நீர் சேமிப்பு வேறு வடிவம் எடுத்தது. மாநிலத்தின் வடமேற்கில், கிரியான் மாவட்டத்தில், குராவ் ஆற்று நீரைத் தேக்கிக் கட்டப்பட்ட புக்கிட் மேரா நீர்த்தேக்கம் 1906இல் நிறைவடைந்தது. மலாயாவின் முதல் பெரிய பாசனத் திட்டம் அது. 1932இல் வடிகால் பாசனத் துறை அமைந்த பிறகு, அந்தப் பத்தாண்டிலேயே தெலுக் இந்தான் அருகே சுங்கை மாணிக் திட்டம் பத்தாங் பாடாங் ஆற்று நீரைக் கொண்டு வளர்ந்தது. பீடோரின் மலைகளில் விழும் மழையும் இதே தாழ்நிலத்தை நோக்கித்தான் ஓடுகிறது. மேட்டுத் தோட்டம் மண்ணைக் காத்தால் பள்ளத்து வாய்க்கால் தூராது.

முன்பு ஒருபோகம் விளைந்த கிரியானில் இருபோகச் சாகுபடி வந்தபோது பழைய நீர்த்தேக்கத்துக்கு நெருக்கடி கூடியது. 2016இன் எல் நினோ வறட்சியில் புக்கிட் மேராவின் நீர்மட்டம் மிகவும் தாழ்ந்து, வயல்களுக்கு நீர் விடுவது பாதிக்கப்பட்டது. இத்தகைய ஆண்டுகளைச் சமாளிக்க உழவர்கள் கையாளும் வழிகள் தெளிவானவை. வட்டாரங்களை முறைவைத்து நடவுக்கு நீர் விடுவதால் ஒரே நாளில் தேவை குவிவதில்லை. நன்றாகச் சமன்செய்த வயலில் மேடும் பள்ளமும் இல்லாததால் மெல்லிய நீர்ப்பரப்பே போதும். வரப்பைச் சேறு பூசி அடைத்தால் கசிவு குறைகிறது. வடிகாலில் சேரும் நீரை மறுபடி வயலுக்கு இறைக்கலாம். எப்போதும் நீர் நிறுத்துவதை விட்டு, நனையவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சும் முறையும் ஆசிய நெல் நாடுகளில் பரவியிருக்கிறது. பூக்கும் பருவத்தில் மட்டும் வயல் காயக் கூடாது.

செம்பனையும் ஈய மணலும்

1960களுக்குப் பிறகு தென் பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் செம்பனைக்கு மாறின. செம்பனைக்கு மாதம் சுமார் 150 மில்லிமீட்டர் மழை சீராகக் கிடைத்தால் நல்லது. வறட்சியின் விளைவு அதில் உடனே தெரியாது. நீர் தட்டினால் மரம் பெண்பூக்களைக் குறைத்து ஆண்பூக்களைக் கூட்டும். அந்த இழப்பு ஒன்றரை, இரண்டு ஆண்டு கழித்துக் குலை குறைவாகத் தெரியவரும். அதனால் இங்கே மண்ணீரை முன்கூட்டியே காப்பது இன்னும் முக்கியம்.

வெட்டிய மட்டைகளை நிரைகளுக்கு இடையே, சரிவுக்குக் குறுக்காக அடுக்கி வைப்பது மிக எளிய முறை. மட்டை அடுக்கு மழையின் அடியைத் தாங்கி, ஓடும் நீரைத் தடுத்து, மக்கி உரமாகும். ஆலையில் பழம் பிரித்த பின் எஞ்சும் வெறுங்குலைகளையும் மூடாக்காகப் பரப்புகிறார்கள். கோல்டன் ஹோப் என்ற தோட்ட நிறுவனம் மறுநடவின்போது பழைய மரங்களை எரிக்காமல் துண்டாக்கி நிலத்திலேயே மக்கவிடும் முறையைக் கையாண்டு, 1992இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் விருதைப் பெற்றது. 1990களில் இந்தியாவிலிருந்து வந்த முக்குனா பிராக்டியாட்டா என்ற கொடி, ஆழ வேர்விட்டு வறட்சியைத் தாங்குவதால் புதிய மூடுபயிராக இடம்பிடித்தது. பழைய வண்டல் குழியும் மறக்கப்படவில்லை. மலேசியப் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செம்பனைத் தோட்டத்தில் அதைச் சோதித்தபோது, அகலக் குழியைவிடக் குறுகிய குழி மண்ணீரை நன்றாகக் காத்தது. வாய் குறுகினால் ஆவியாதல் குறைகிறது; நீர் பக்கச் சுவர் வழியாக வேர்மண்டலத்துக்குப் போகிறது.

பீடோர், தாப்பா பக்கத்தில் ஈயம் தோண்டிக் கைவிட்ட நிலங்கள் இன்னொரு சவால். களியெல்லாம் கழுவப்பட்டு வெறும் மணலாகக் கிடக்கும் அந்த நிலத்தில் ஊற்றிய நீர் நிற்பதில்லை; பகல் வெயிலில் மணல் கொதிக்கும். அங்கே கொய்யாவும் காய்கறியும் விளைவிப்பவர்கள் நடுகுழியில் களிமண்ணையும் கோழி எருவையும் கலக்கிறார்கள், மேலே மூடாக்குப் போடுகிறார்கள். சுரங்கம் விட்டுச்சென்ற குட்டைகள் பாசனக் குளங்களாயின. மணலில் ஒரேயடியாகப் பாய்ச்சிய நீர் வேரைத் தாண்டி இறங்கிவிடும் என்பதால், சிறிது சிறிதாக அடிக்கடி விடும் சொட்டுநீரும் சிறு தெளிப்பானும் இங்கே பொருத்தமானவை.

இன்றைய உழவருக்கு

1982–83, 1997–98, 2015–16 ஆண்டுகளின் எல் நினோ வறட்சிகள், மழைநாடு என்ற நம்பிக்கை போதாது என்பதைக் காட்டியிருக்கின்றன. நூறாண்டு அனுபவம் சிறு தோட்டக்காரருக்கும் பயன்படும் ஒழுங்கைத் தந்திருக்கிறது. அக்டோபர் மழைக்கு முன் வண்டல் குழிகளைத் தூர்வார வேண்டும். படிகளின் உடைப்பை அடைக்க வேண்டும். மழை முடிந்து மண் ஈரமாக இருக்கும் டிசம்பரிலேயே மூடாக்கு இட வேண்டும். காய்ந்த மண்ணின் மேல் இடும் மூடாக்கு அந்த வறட்சியையே காத்து வைக்கும். வறண்ட வாரங்களில் நிரைக்கு நடுவே உள்ள செடிகளை வழிக்கக் கூடாது. மரத்தடி வட்டத்தையும் லாலானையும் மட்டும் நீக்கினால் போதும். மண்ணுக்குள் இறக்க மழை இல்லாதபோது யூரியா தூவினால் தழைச்சத்து காற்றில் போகும் என்பதால், உரமிட மழைக்குக் காத்திருக்க வேண்டும். இளங்கன்றுகளுக்கு நிழலும் மூடாக்கும் முதலில் போய்ச் சேர வேண்டும். பாய்ச்சும் நீரை விடியலிலோ மாலையிலோ விட வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு தேவையில்லை. உரிய காலத்தில் செய்யும் உழைப்பே தேவை. பால்மரக் காலத்தில் அந்த உழைப்பைத் தந்த தமிழ்க் குடும்பங்கள், தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபோது, பெரும்பாலும் நிலமின்றி நகரங்களுக்குப் பெயர்ந்தன. தென் பேராக்கின் மண் காப்பு வரலாறு கங்காணிப் பட்டியலில் வெறும் எண்ணிக்கையாக நின்றுபோன அந்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் உரியது. பள்ளிப் பாடத்திலும் வேளாண் பயிற்சியிலும் அது அவர்களின் பெயரால் சொல்லப்பட வேண்டும்.